எட்டாவது நோட்டு

போன தடவை வந்தவர்கள்
என் மகன் எச்சிலை ஒரு குழாயில் வாங்கிக்கொண்டு
ஆரஞ்சு ஜூஸும் ஒரு பேனாவும் தந்துவிட்டுப் போனார்கள்.
பேனா இரண்டு வாரம் எழுதியது.
அவர்கள் எங்களுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை.

அதனால்தான் மெர்பேங்கில், நூலக மாடியில்,
டாக்டர் ரெனே ஃபோர்டீன்
படம் காட்டும் பெட்டிக்கு வயர் செருகும் முன்பே
எழுந்து நின்றுவிட்டேன்.
கையில் நோட்டு. எட்டாவது.
மற்ற ஏழும் காலடியில், பிளாஸ்டிக் பையில்.

"என்ன இருக்கிறது அதில்?"
நாற்றம், என்றேன்.
பின்வரிசையில் சிரித்தார்கள்.

தேதி. மணி. காற்று வந்த திசை.
அழுகிய முட்டையா, தாரா, பூனை மூத்திரமா.
ஆலைச் சுடர் எதிர்வீட்டு மாமரத்துக்கு
மேலா, கீழா.
யோகன் அன்றிரவு பம்ப்பை எத்தனை தரம் அழுத்தினான்.
பதினொரு வருஷம்.
தையல் பாக்டரியில் காலர் தைக்கிறவள் நான்,
கோணினால் சம்பளத்தில் பிடிப்பார்கள்.
நேர்க்கோடு பழகிய கை.

அவர் மெதுவாகப் புரட்டினார்.
"இதை நகல் எடுத்துக்கொள்ளலாமா?"
கூட்டம் அந்தக் கேள்வியில்தான் தொடங்கியது.
இரவு பத்தரைக்கும் முடியவில்லை.

கூட்டம் ஷிஃப்ட் விட்ட பிறகு, உங்கள் வளாகத்தில் அல்ல.
வீடு வீடாய் ஏறி இறங்கும் பிள்ளைகளுக்கு
நன்றிக் கடிதம் வேண்டாம், கூலி.
உம்லாசியிலிருந்து வரும் நொம்புசோவுக்கு டாக்சிக் காசு தனியாக.
முடிவு முதலில் இந்த மாடி ஏறட்டும்,
அப்புறம் கப்பல் ஏறட்டும்.
வீராசாமி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:
"மொத்தப் பணம் எவ்வளவு?
அதில் பல்கலைக்கழகம் பிடித்துக்கொள்வது எவ்வளவு?"
டாக்டர் சிவந்தார்.
சொன்னார்.
மூச்சிரைப்பு இல்லாதவர்களும் ஒருமுறை இரைத்தார்கள்.

கடைசி வரி நான் சொல்லி எழுதியது:
கண்டது எதுவானாலும் யாரும் கோடு போட்டு அடிக்கக் கூடாது.
ஆலைக்காரனை நினைத்துச் சொன்னேன்.

துணிக்கொடியில் சட்டைகளுக்கு நடுவே
ஒரு வெள்ளைப் பெட்டி தொங்கிக் காற்றைக் குடித்தது.
ஆகஸ்டில் மின்வெட்டு.
பெட்டி மூன்று இரவு தூங்கியது.
நான் தூங்கவில்லை. பக்கம் நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று.
அதைக் கேட்டு ரெனே போன் செய்தபோது
குரலில் இரக்கம் இல்லை,
தேவை இருந்தது.
இத்தனை வருஷம் இதற்குத்தான் காத்திருந்தேன் போல.

முதல் வரைவு வந்தது:
'தகவல் அளித்த உள்ளூர்ப் பெண் ஒருவர்.'
பேனாவை எடுத்தேன்.
பாக்கியம் சிகாமணி, காலர் தைப்பவர்,
என்று மேலே எழுதினேன்.
அடுத்த வரைவில் அப்படியே வந்தது.

பத்தொன்பதாம் பக்கத்தில் இதுவும் வந்தது.
ஆலைப் புகைதான், சந்தேகமில்லை.
அதோடு வீட்டுக்குள்: கொசுவர்த்தி, மூடிய ஜன்னல், சாம்பிராணி.
பதினாறாம் எண் வீட்டில் மிக அதிகம்.
பெயர் இல்லை, எண் மட்டும்.
எனக்குத் தெரியாதா என் எண்?
எல்லா வெள்ளிக்கிழமையும் போடுகிறேன்.
எட்டு நோட்டில் ஓரிடத்தில்கூட அது இல்லை.

"எடுத்துவிடலாம்," என்றார் வீராசாமி,
"ஆலைக்காரன் இதையே பிடித்துக்கொண்டு தொங்குவான்."
நான் தலையாட்டினேன். வேகமாகவே ஆட்டினேன்.
டாக்டர் வாய் திறக்கவில்லை.
இஞ்சி பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி
நொம்புசோதான் கேட்டாள்:
"அடிக்கக் கூடாது என்றது யார்?"
பிஸ்கட் உடைந்து டீக்குள் விழுந்தது.
அதை ஸ்பூனால் தேடி எடுக்கும்வரை
யாரும் பேசவில்லை.

வீட்டுக்கு நடந்தேன்.
இந்தியாவைப் பார்த்தறியாத எங்கள் தெருக்களுக்கு
இந்திய ஊர்களின் பெயர்.
சுடர் மாமரத்துக்கு மேலே.
ஜன்னலை மூடினால் நான்,
திறந்தால் ஆலை.

ஒன்பதாவது நோட்டில் புதிதாய் ஒரு கட்டம் போட்டேன்: உள்ளே.

வெள்ளி. மாலை ஆறு இருபது.
தென்மேற்குக் காற்று. தார்.
உள்ளே: சாம்பிராணி, அரைக் கரண்டி.
யோகன்: இரண்டு தரம்.